ஏழாவது பூ

மூன்றாவது முறையும் எண்ணினாள். ஆறுதான் வந்தது. அட்டையில் நூலால் தைத்திருந்த காய்ந்த கிளையில் ஏழு பூக்கள் இருக்க வேண்டும். கடனாக அனுப்பிய நிறுவனம் கூடவே வைத்த புகைப்படத்தில் ஏழு தெரிந்தன. மேலிருந்து இரண்டாவது கணுவில் ஒரு காம்பு மட்டும் மொட்டையாக நின்றது. தானாக உதிர்ந்திருந்தால் மூலையில் ஒட்டிய காகித உறையில் கிடக்கும். உறையில் இரண்டு இலைத் துணுக்குகளைத் தவிர ஒன்றுமில்லை. காம்பின் நுனி இடுக்கியால் கிள்ளியதுபோல் நேராக இருந்தது.

உலர்தாவரக் காப்பகத்தில் பத்தொன்பது வருடமாக அவள் காப்பாளர். அட்டையிலிருந்த செடி புதினாக் குடும்பத்தில் ஒரு சின்னப் பேரினத்தைச் சேர்ந்தது. எல்லாமே புதர்ச்செடிகள், மொத்தம் மூன்றே வகை. மூன்றாவது வகைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இந்தக் கிளை. அறுபது வருடம் முன்னால் ஒடித்தது. அதற்குப் பெயர் வைத்தவர், பூவுக்குள் நான்கு மகரந்தக் கேசரங்கள் என்று எழுதியிருந்தார். அதனால்தான் அது தனி வகை. இரண்டுதான் என்றால் இரண்டாவது வகைக்குள் அடங்கிவிடும். தெரிந்துகொள்ளப் பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். பிரித்த பூ பிறகு உதவாது. அனுமதி கேட்டதற்கு அட்டையின் சொந்தக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கேட்டவர் தாவரவியல் ஆய்வாளரான அவளுடைய அக்கா கணவர். இரண்டுதான் என்று அடித்துச் சொல்லி ஏற்கெனவே ஒரு கட்டுரையை அச்சுக்கு அனுப்பியிருந்தார்.

அட்டை வந்த இந்த இரண்டு வாரத்தில் அதைப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி ஆட, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், ஒரு பூ குறையுது."

"சரியா எண்ணியிருக்க மாட்ட."

"மூணு தரம் எண்ணிட்டேன்."

"அப்ப அனுப்பும்போதே குறைஞ்சிருக்கும். போட்டோ பழசு." நிமிராமலே சிரித்தார். "எப்போ இன்ஸ்பெக்டர் ஆன? சொல்லவே இல்லையே."

அவளும் சிரித்து வைத்தாள். காப்பாளர் நாற்காலியில் அவள் உட்கார அன்றைக்குப் பேசியவர் அவர். அந்த நன்றியை அவர் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே வாங்கிக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை நடந்ததுதான் இப்போது அவளுக்கு உறுத்தியது. தேநீர் அறைக்குள் நுழைந்தபோது அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அறை முழுக்க ஒரு வாசனை, புதினாவும் கற்பூரமும் கலந்ததுபோல. "யாரு புதினா டீ போட்டது?" என்று கேட்டாள். "உங்க அக்கா குடுத்து விட்டா. வயித்துக்கு நல்லதாம்," என்றார்.

வராந்தாவுக்குப் போய் அக்காவைப் போனில் கூப்பிட்டாள். கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல், "அத்தானுக்குப் புதினா டீ ஒத்துக்குதா?" என்றாள்.

"அவருக்கா? அந்த வாசம் வந்தாலே எந்திரிச்சுப் போயிடுவாரே. ஏண்டி?"

"ஒண்ணுமில்லக்கா."

அட்டை நாளைக் காலை திரும்பிப் போகிறது. குறைவு என்று பதிவேட்டில் எழுதினால், கடைசியாகப் பார்த்தவர் பெயரையும் எழுத வேண்டும். அதன் பிறகு எந்தக் காப்பகமும் அவருக்குக் கதவு திறக்காது. அக்கா இவளுக்குத் திறக்க மாட்டாள். ஏழு என்று கையெழுத்துப் போட்டால், அங்கே எண்ணிப் பார்த்ததும் இவள் வேலை போகும். ஒன்று மட்டும் தெரிந்தால் முடிவெடுத்துவிடலாம் என்று தோன்றியது. உள்ளே இரண்டே கேசரம் என்றால், சரியாகச் சொல்லி அவசரப்பட்ட மனுஷன், பழியை அவளே சுமந்துவிடலாம். நான்கு என்றால், பார்த்த பிறகும் கட்டுரையைத் திரும்பப் பெறாத மனுஷன்.

மதியம் அவர் சாப்பிட வெளியே போனதும் அட்டையைத் தேநீர் அறைக்கு எடுத்துப் போனாள். கெட்டிலைப் போட்டாள். இடுக்கியால் ஒரு பூவைக் கிள்ளிக் கோப்பையில் போட்டாள். இப்போது ஐந்து.

வெந்நீரில் பழுப்புத் துணுக்கு ஒருமுறை சுழன்று நின்றது. மெல்ல உப்பியது. ஓரத்தில் லேசாக ஊதா நிறம் ஊறி வந்தது. பூவின் மேலுதடு கீழுதட்டை விட்டு விலக ஆரம்பித்தபோது அந்த வாசனை எழுந்து அறையை நிறைத்தது, வராந்தாவுக்கும் போயிற்று.

காலடி ஓசை வந்து கதவுக்கு வெளியே நின்றது.

"யாரு புதினா டீ போடுறது?" என்றது அத்தானின் குரல்.

அவள் தட்டை எடுத்துக் கோப்பையை மூடினாள். ஓரங்களில் ஆவி கசிந்தது. மூடுவதற்கு முன் உள்ளே ஒரு கேசரம் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஏதோ நிமிர்ந்துகொண்டிருந்தது.