இருபது நிமிடத் தாமதம்

"பன்னெண்டு!"

"பதினொண்ணு. அதுக்குள்ள வீட்டுல இருக்கணும்."

"அப்பா, ஸ்கூல் டான்ஸ் முடியறதே பதினொண்ணுக்குத்தான். அப்புறம் எல்லாரும் பான்கேக் சாப்பிடப் போவாங்க. நான் மட்டும் கைக்குழந்தையா?"

"பான்கேக் காலையில நான் சுட்டுத் தரேன். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஒரு வாரத்துக்குக் கார் சாவி என்கிட்ட."

"ஜெயிலர்!"

வெர்லின் சிரித்தார். மனைவி போன பிறகு அந்த மின்னசோட்டா வீட்டில் சண்டை போட அவருக்கு இருந்தது மகள் பிரிட்டா ஒருத்திதான்.

பச்சை கவுனில் அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கையில் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு வெள்ளை ரோஜா. ஜோடியாக ஆட அழைத்திருந்த டானரின் கோட்டில் குத்த. பள்ளி வாசலில் காத்திருப்பானாம்.

ஒன்பதரைக்கு வெர்லின் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். சோயா வயலைத் தாண்டி, சர்ச்சுக்குப் பின்னால், இருட்டில் ஒரு கார்.

அவருடைய கார்!

ஓடினார். பத்தடி தூரத்தில் கால்கள் நின்றன. திறந்த கண்ணாடி வழியே பிரிட்டாவின் குரல். போனில் தோழியோடு.

"டானர் அங்க கெய்லாவோட ஜோடியா நிக்கிறான்டி. 'நிஜமாவே நம்பி வந்துட்டியா?'ன்னு கேட்டான். சுத்தி அத்தனை பேரும் சிரிச்சாங்க... வீட்டுக்கா? ஐயோ, இப்பப் போனா அப்பா கண்டுபிடிச்சிடுவார். உடைஞ்சு போயிடுவார்டி. லேட்டாப் போறேன். திட்டு வாங்கினாத்தான் நம்புவார்."

குரைக்கப் போன நாயின் வாயை வெர்லின் பொத்தினார். கார்க் கதவில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவ்வளவுதான், மகள் அவர் தோளில் இருப்பாள்.

கை எழுந்தது. இறங்கியது. அப்படியே வீட்டுக்குத் திரும்பினார்.

பதினொன்று இருபதுக்குக் கார் வந்தது. வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மணி என்ன ஆச்சு?"

"சாரிப்பா. ஆடினதுல நேரம் போனதே தெரியல."

தலையில் அந்த வெள்ளை ரோஜா. அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"டானர் தன் கோட்டுலேர்ந்து எடுத்து வெச்சு விட்டான்ப்பா."

"எடு சாவியை! ஒரு வாரம்!" உறுமினார். எப்படியோ உறுமல் வந்துவிட்டது.

"எடுத்துக்கோங்க ஜெயிலர். இன்னைக்கு ராத்திரிக்காக ஒரு மாசம் கூடக் குடுக்கலாம்."

சிரித்துக்கொண்டே மாடி ஏறினாள். சிரிப்பு பாதிப் படியில் நின்றது.

சாவியை மாட்ட வெர்லின் சுவரைத் தடவினார். ஆணி அங்கேதான் இருந்தது. அவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.