ஜன்னல் வேலை முடிஞ்சிடுச்சா?

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீ டம்ளரோடு நாற்காலியில் சாய்கிற நேரம் பார்த்துத்தான் அந்த ஜன்னல் ஆட ஆரம்பிக்கும். கடகடவென்று ஒரு தரம். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். காற்று என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சுவரில் தொங்கும் காலண்டர் தாள் அசையாது, கொடியில் காயும் துண்டு அசையாது. ஜன்னல் மட்டும் யாரோ பிடித்து உலுக்கிய மாதிரி ஆடி நிற்கும்.

அந்த வீட்டுக்காரருக்கு நூலகத்தில் உத்தியோகம். புத்தகம் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்றாலும், சேர்ந்த நாளிலிருந்து அவர் அதிகம் செய்தது உதட்டில் விரலை வைத்து ‘உஸ்’ என்றதுதான். யாராவது தும்மினால்கூட முறைத்துப் பார்ப்பார். அதனால் வந்த பெயர் ‘சைலன்ஸ் சார்’. நூலகத்தில் மட்டுமில்லை, தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. சத்தமே ஆகாத அந்த மனிதருக்கென்று பார்த்து இப்படி ஒரு ஜன்னல் வந்து வாய்த்திருந்தது.

தச்சரைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னாள். ஆள் வந்தால் ஜன்னலைவிட அதிகமாகச் சத்தம் போடுவார் என்று சொல்லி, தானே சுத்தியலும் திருப்புளியுமாக இறங்கிவிட்டார் சைலன்ஸ் சார். முதலில் கீல்களைப் பார்த்தார். திருகாணிகள் தளர்ந்து, துளைகள் பெரிதாகிக் கிடந்தன. தீக்குச்சிகளை ஒடித்துப் பசை தடவித் துளைக்குள் திணித்து, புதுத் திருகாணி போட்டு முறுக்கினார். ஜன்னல் அப்போதும் ஆடியது. கண்ணாடியைப் பிடித்திருந்த பட்டிப் பசை காய்ந்து பொரிந்து உதிர்ந்திருந்தது தெரிந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டி வைத்தார். அதுவும் பலிக்கவில்லை. தாழ்ப்பாள் அதன் ஓட்டையில் சரியாக உட்காராததுதான் காரணம் என்று அதைக் கழற்றி இறக்கிப் பொருத்தினார். ஆணிக் கடைக்காரர் அவர் தலையைக் கண்டதுமே, இந்த வாரம் ஜன்னலுக்கு என்ன வாங்கித் தரப்போகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜன்னல் ஆடும்போது இவர் எழுந்து சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டினால் போதும், ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தலை தெரிந்ததும் பிள்ளைகள் அடங்குவார்களே, அந்த மாதிரி. தட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் ஆடாது. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் மறுபடியும் கடகட. மனைவி மருந்துக் கடையில் வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வருவாள். அவள் வந்த பிறகு பரம சாதுவாக இருக்கும். அவளோ இவர் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பாள். ஒருநாள் சிரிக்காமல், “ஏங்க, இதுக்கு முன்னாடி இந்த வீட்டுல யாராவது செத்துகித்துப் போயிருப்பாங்களோ?” என்று கேட்டாள். போடி பைத்தியம் என்று இவர் சொன்னாரே தவிர, மறுநாள் சாயங்காலம் தனியாக வீட்டுக் கதவைத் திறக்கும்போது முதுகு சில்லென்றது.

அன்றைக்குத்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். எந்த மூட்டு ஆடுகிறது என்று கையால் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய் ஜன்னல் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலை ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டுச் சுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த ஒற்றைச் சுவர்தான். தெருவில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கைக்குள் ஏதோ வந்து மோதியது.

ஆடியது ஜன்னல் இல்லை, சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து கனமான ஏதோ ஒன்று சுவரில் வந்து மோதியது. ஜன்னல் அதற்குப் பதில் சொல்வதுபோல் கடகடத்தது. மறுபடியும் ஒரு மோதல். அதோடு சேர்ந்து ஒரு குரல். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. வாயைத் தானே பொத்திக்கொண்டவர்களின் மூச்சு அது. அடுப்பில் பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார் சைலன்ஸ் சார். பேயாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு.

பக்கத்து வீட்டு வேன்காரரைத் தெருவில் எல்லோருக்கும் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். சின்னதுகள் அவர் தோளில் ஏறிக்கொள்ளும். மழை நாளில் யார் நடந்து போனாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். சைலன்ஸ் சாரையே பல தடவை நூலக வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார், அதுவும் வழியெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு. அவர் மனைவியைத்தான் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. வேன்காரர் வீட்டம்மா என்பார்கள். கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கைதான் போட்டிருப்பாள்.

மறுநாள் காலையில், விடிய விடியப் புரண்ட களைப்போடு, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நாம் போய் என்னவென்று கேட்போம் என்றாள். அவர் வேண்டாம் என்று கையை அமர்த்தினார்.

“புருஷன் பொண்டாட்டி விஷயம். இன்னிக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேந்துக்குவாங்க. நடுவுல போய்க் கெட்ட பேரு வாங்கறது நாமதான். நமக்கு எதுக்கு வம்பு?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டாள் என்பதை இவர் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை.

அடுத்து வந்த விடுமுறை நாளில் சைலன்ஸ் சார் ஜன்னல் வேலையை ஒரேயடியாக முடித்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்குகளில் பஞ்சு திணித்து அதன்மேல் சிமென்ட் பூசினார். கதவுகள் வந்து சேருகிற இடமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். கடைசியாக, நீளமான திருகாணிகளைப் போட்டு ஜன்னலைச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கிவிட்டார். இனி அதைத் திறக்க முடியாது. காற்று வேண்டாமா என்று மனைவி கேட்டதற்கு, மின்விசிறி எதற்கு இருக்கிறது என்றார். போதாதென்று நாற்காலியையும் எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

வேலை என்னவோ பிரமாதம்தான். மறுநாள் சாயங்காலம் ஜன்னல் மூச்சுக்கூட விடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஆசைப்பட்ட நிசப்தம் கிடைத்துவிட்டது, ஆனால் அவரால் டீயைக் குடிக்க முடியவில்லை. வெளியே வேன் வந்து நின்றதும் உடம்பு முழுக்கக் காதாகிவிடும். ஒன்றும் கேட்காது. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. நூலகத்தில் யாரோ புத்தகத் தள்ளுவண்டியை உருட்டினார்கள், அது கடகடத்தது. கையிலிருந்த புத்தகத்தைப் போட்டுவிட்டு அவர் சுவரோரம் போய் நின்றுவிட்டார். உடம்பு சரியில்லையா சார் என்று வாசகர்கள் கேட்டார்கள். அன்று மோதல் பட்ட அந்த உள்ளங்கை மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடமாடினார்.

ஒரு காலையில் குப்பை வண்டிக்காக வாசலில் நின்றார். வேன்காரர் வீட்டம்மாவும் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்தியிருந்தாள். அப்படியும் தாடையோரம் கன்றிப்போயிருந்தது தெரிந்தது. சைலன்ஸ் சார் குப்பை வண்டி வருகிற திசையையே வெறித்துப் பார்த்தார். இத்தனை நாளில் அவரோடு ஒரு வார்த்தை பேசியிராதவள், அன்றைக்கு அவளாகவே பேச்சைத் தொடங்கினாள்.

“அண்ணா, ஜன்னல் வேலை முடிஞ்சிடுச்சா?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடிந்துவிட்டது என்று முனகினார்.

“அப்படியா” என்றாள். வாளியின் பிடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “நீங்க தட்ட ஆரம்பிச்சா அவரு கை நின்னுடும். பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு ஞாபகம் வந்துடும். எனக்காகத்தான் தட்டுறீங்கன்னு தெரியும். நேர்ல வந்து கேட்டா எனக்குத் தலைகுனிவுன்னு நெனச்சு, ஜன்னலைச் சாக்கு வெச்சுத் தட்டுறீங்கன்னு... தேங்க்ஸ் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். இப்ப ஏன்ணா நிறுத்திட்டீங்க? என் மேல ஏதாச்சும் கோபமா?”

குப்பை வண்டி வந்தது. அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சைலன்ஸ் சார் தன் வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகும் அதே இடத்தில்தான் நின்றார். காறி உமிழ்ந்திருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பார் மனிதர். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

அன்று அவர் நூலகத்துக்குப் போகவில்லை, நேராக மருந்துக் கடைக்குப் போனார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அந்தப் பெண் தன்னிடம்தான் வலி மருந்து வாங்கிப் போவாள் என்றும், ஒவ்வொரு தடவையும் விழுந்துவிட்டேன் என்பாள் என்றும் சொன்னாள். “நம்புற மாதிரி நானும் தலையாட்டிக்கிட்டு மருந்தை எடுத்துக் குடுத்தேங்க” என்றபோது அவள் குரல் உடைந்தது. அங்கேயே போனை எடுத்து, பெண்களுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டாள். கடையில் நின்றவர்கள் கேட்கட்டும் என்றே முகவரியை உரக்கச் சொன்னாள். சாயங்காலம் போலீஸோடு வருகிறோம் என்றார்கள். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவளும் அவரோடு வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு மூடியது. சைலன்ஸ் சார் ஓடிப்போய் ஜன்னலில் காதை வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. அடிக்கிறானா, பேசிக்கொண்டிருக்கிறானா, அவள் இருக்கிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக அடைத்து வைத்திருந்தார். போலீஸ் வரட்டுமே என்று அவர் மனசுக்குள் இருந்த பழைய மனிதர் சொன்னார். அவள் அத்தனை நாள் நம்பியது பொய்யாகப் போகக் கூடாது என்று வேறொருவர் சொன்னார். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தார். மனைவி அவர் பின்னாலேயே வந்தாள்.

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது வேன்காரர் சிரித்த முகமாகத்தான் நின்றார், நெற்றியில் மட்டும் வியர்வை. வாங்க சார், என்ன விசேஷம் என்றார்.

“உங்க வீட்டம்மாவை அடிக்காதீங்க” என்றார் சைலன்ஸ் சார். வாழ்நாளில் அவர் அவ்வளவு உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. தெரு முழுக்கக் கேட்டது.

வேன்காரரின் சிரிப்பு அணைந்தது. “இது எங்க குடும்ப விஷயம் சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

“நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தப்பு.”

அதற்குள் சைலன்ஸ் சாரின் மனைவி வேன்காரரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே நுழைந்திருந்தாள். சுவரோரம் சுருண்டு கிடந்தவளைத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். உதடு கிழிந்திருந்தது, நெற்றி வீங்கியிருந்தது. உயிர் இருந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் இறங்கி வந்து, ரொம்ப நாளாகவே சத்தம் கேட்கிறதென்று தனக்கும் தெரியும் என்றார். மாடிவீட்டு அம்மாள், தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றாள். ஆணிக் கடைக்காரர்கூட, சாயங்காலம் கடையில் விளக்கேற்றும்போது காதில் விழும் என்றார். ஆள் சேரச் சேர ஒவ்வொருவருக்கும் நாக்கு முளைத்தது. தெருமுனையில் போலீஸ் ஜீப்பின் விளக்கு தெரிந்தது.

அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவ்வளவு அடிக்கும் அழாதவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் நின்றது.

“உங்க எல்லாருக்குமே கேட்டுச்சா?” என்றாள்.

நாக்கு முளைத்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சைலன்ஸ் சார் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

“கேட்டுச்சும்மா. எல்லாருக்கும் கேட்டுச்சு. கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டோம். எனக்கு அது பத்தாம ஜன்னலையே அடைச்சேன். அடிச்சது அவரு ஒருத்தர் கைதான். அந்தக் கைக்குத் தைரியம் குடுத்தது நாங்க இத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்ததுதாம்மா.”