சிலுவைக்கு வைத்த பொட்டு

இத்தாலியில் தமிழர் நெருங்கி வாழும் அல்பெர்கேரியாவில் யார் வீட்டில் என்ன கறி என்பது, அடுப்படியில் நிற்பவளுக்கு முன்பே மாக்கிரட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்றவளிடம் இத்தாலியச் சீமாட்டி சிஞ்ஞோரா கார்மேலா கைப்பேசியை நீட்டினாள்.

படத்தில், நகரத்துக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் கற்சிலுவை. அறுநூறு வருசப் பழசு. அதைப் பாதுகாக்கும் குழுவுக்குச் சிஞ்ஞோராதான் தலைவி. சிலுவையின் நெஞ்சு முழுக்க மஞ்சள், நடுவே சந்தனப் பொட்டு, அடியில் எண்ணெய்க் கறை.

"உங்கள் ஆட்களின் வேலையா?" என்று சிஞ்ஞோரா இத்தாலிய மொழியில் கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக மாக்கிரட் சமாளித்தாள். நாக்கு நுனியில் பெயர் துடித்தது.

மேல்வீட்டு ஞானாம்பிகை, அந்தச் சிஞ்ஞோரா வீட்டிலேயே துப்புரவு வேலை செய்பவள். பூசையால் வந்த கையோடு மாக்கிரட் மாடியேறி அவள் கதவைத் தட்டினாள்.

"ஞானமக்கா, சிலுவைக்கு எண்ணெய் வைச்சது நீங்கள்தானே?"

"ஓம். கேட்டது குடுக்குமெண்டு நீர்தானே சொன்னனீர்? மகளுக்கு விசா கிடைச்சிட்டுது. குளிப்பாட்டாமல் விடேலுமே?"

மாக்கிரட் அப்படிச் சொன்னது உண்மைதான். அந்தச் சிலுவை வேண்டுதல் கேட்கும் என்று யாரும் மாக்கிரட்டுக்குச் சொன்னதில்லை. கதைக்கு உப்புப் போதாதென்று அவளே போட்டது.

"அது கும்பிடுற கல்லில்லை அக்கா. பழைய கல்லெண்டு பாதுகாக்கினம்."

"கும்பிடாத கல்லுக்கு என்னத்துக்குக் குழு?"

"பகிடி விடாதையுங்கோ. சிஞ்ஞோரா ஆளைத் தேடுறா. உங்கடை வேலை போனால் இங்கை தங்கிற பெர்மெசோவைப் புதுப்பிக்கேலாது."

"சொல்லிப்போட்டீரோ?"

"இன்னும் இல்லை."

மாக்கிரட்டின் வாயை நம்பி வல்லாரைக்கீரைகூட ஒருவரும் வாங்கியதில்லை. ஞானாம்பிகை கதவைச் சாத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை, கறை நீங்கியதைக் காட்டுவதற்காகச் சிஞ்ஞோரா மாக்கிரட்டைக் காரில் கூட்டிப்போனாள். முன்பக்கம் கழுவித் துடைத்தாயிற்று. வேலையாட்கள் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யாரென்று தெரிந்ததா?"

மாக்கிரட் பதிலை மென்றபடி சிலுவையின் பின்பக்கம் போனாள். இடுப்புயரத்தில் புதுப் பொட்டு ஒன்று, விடியப்புறம் வைத்ததுபோல நிழலில் இன்னும் ஈரம் காயாமல். கீழே ஒரு செவ்வரத்தம்பூ. மகளுக்குத்தான் விசா கிடைத்துவிட்டதே, இது எதற்கு என்று யோசித்தவளுக்கு உடனே விளங்கியது. இந்த நேர்த்தி தன் வாய் திறவாமலிருக்க.

"மாக்கிரட்?" சிஞ்ஞோராவின் சப்பாத்துச் சத்தம் சிலுவையைச் சுற்றி வந்தது.

அவள் பூவைக் காலால் புல்லுக்குள் தள்ளி, முதுகைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரியாது சிஞ்ஞோரா."

வெள்ளைச் சட்டைக்குள் சந்தனம் குளிரக் குளிர ஊறியது. சிஞ்ஞோரா அவள் நகர்வதற்காகக் காத்து நின்றாள்.