மீன்கடைக் கூரைமேல் ஒரு ஜன்னல்

என் நாத்தனார் தூரிட்டுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. விமான நிலைய வேலையை உதறிவிட்டு போட்டோ ஸ்டுடியோ வைக்கப் போகிறாளாம். வேலையை விட்டாளே தவிர, அங்கே போட்டிருந்த நீலக் கோட்டை விடவில்லை. ஸ்டுடியோ படுத்துவிட்டால் திரும்ப மாட்டிக்கொண்டு போக வேண்டுமாம். மே மாதம் பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு. நார்வேயின் வடகோடியில் இருக்கிற எங்கள் துரோம்சோவில் அப்போது படம் எடுக்காத வீடு கிடையாது. அந்தப் பருவத்தில் ஓடினால் ஓடியது, இல்லையென்றால் கோட்டுதான்.

பார்த்த அறைக்கெல்லாம் ஒரு நொட்டை சொன்னாள். தெற்கு ஜன்னலா, வெயில் முகத்தில் அடிக்கும். மஞ்சள் சுவரா, வருகிறவர்களுக்கெல்லாம் காமாலை கண்ட மாதிரி இருக்கும். போன இடத்திலெல்லாம் என்னை ஜன்னலோரம் நிறுத்தி, முகவாயைப் பிடித்துத் திருப்பிப் படம் எடுத்தாள். சந்தையில் மாட்டைக்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள்.

மார்ச்சில் ஒரு மாடி அறை கிடைத்தது. வடக்கு ஜன்னல். அதற்குக் கீழே, பிரின்யாரின் மீன்கடையுடைய தட்டைக் கூரை. எடுத்த படத்தைப் பார்த்து இருவரும் அசந்துபோனோம். என் கண்ணுக்குக் கீழே பை இல்லை, கழுத்தில் சுருக்கம் இல்லை.

"அண்ணி, இதுதான். கீழேயிருந்தும் வெளிச்சம் வருது பாருங்க."

கீழே எங்கிருந்து என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வருஷத்தில் பாதி பனியில் கிடக்கிற எங்களுக்கு, மார்ச்சில் கூரைமேல் பனி இருப்பது சுவரில் சுண்ணாம்பு இருப்பது மாதிரி. அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள்.

மே வந்தது, பனி உருகியது. அடியில் தார் பூசிய கன்னங்கரிய கூரை. அறை நிலவறை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் முதல் வாடிக்கையாளர் வர வேண்டும். தூரிட் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். என் ஐம்பது வயசோடு கூடப் பத்தும் அதில் இருந்தது. விளக்கைப் போடேன் என்றேன். போட்டால் பாஸ்போர்ட் படம் மாதிரி வருகிறது என்றாள். பிறகு போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டைத் தூசி தட்டினாள்.

நேரே கீழே போய், கூரைமேல் வெள்ளைப் போர்வை விரிக்கலாமா என்று பிரின்யாரைக் கேட்டேன்.

"போர்வை காத்துல போயிடும். எங்கிட்ட வெள்ளைப் பெட்டி மலையா கிடக்கு" என்றான்.

மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகள். மூவருமாகக் கயிறு போட்டுக் கட்டிக் கூரையை நிரப்பினோம்.

காலையில் அறை மறுபடி மார்ச் மாதமாக இருந்தது. வந்த பெண் சுன்னிவா பல்லில் கம்பி கட்டியிருந்ததால் வாயைத் திறக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து, மீன் வாடைக்குக் கடற்காகங்கள் வந்து இறங்கின. ஒன்று பெட்டியிடுக்கில் தலையை விட்டு எடுக்க முடியாமல் ஆட்டம் போட்டது. சுன்னிவா கம்பியை மறந்து வாய் கொள்ளாமல் சிரித்தாள். தூரிட் விடுவாளா, எடுத்துவிட்டாள். பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கை பிள்ளைகளுக்கும் அங்கேயே நாள் கேட்டாள்.

ஆனால் கடற்காகங்கள் பெட்டிகளைக் கொத்திப் பிய்க்க ஆரம்பித்தன. பிரின்யார் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி கூரையில் ஒரு துடைப்பத்தை நட்டு, இதற்கு மாட்ட ஏதாவது துணி உண்டா என்று குரல் கொடுத்தான்.

தூரிட் கதவுக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்து, ஜன்னல் வழியாக அந்த நீலக் கோட்டை நீட்டினாள்.

"பொத்தானெல்லாம் போட்டு இறுக்கிக் கட்டுங்க பிரின்யார். திரும்பக் கழட்ட வேண்டியதில்ல."