கொஞ்சம் சூடு : நாற்பத்து நாலு டிகிரி

1

இந்தக் கதை ஒரு மாதிரி வினாத்தாளில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கேள்வி இதுதான்:

வெதுவெதுப்பு : கொதிப்பு :: தூறல் : ?
(அ) சாரல் (ஆ) அடைமழை (இ) வறட்சி

பக்கத்து வீட்டு ரேலீன் 'சாரல்' என்று வட்டமிட்டிருந்தார். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுக்கும் வேலைக்கான தேர்வு. இரண்டு முறை எழுதித் தேறவில்லை. வியாழக்கிழமை மூன்றாவது முறை, அதுதான் கடைசி. செம்மறியாட்டுக்குக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் இப்போது பார்க்கும் வேலையை அவர் முதுகு இனித் தாங்காது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'செம்மண் சமவெளியில் சூரியன் ஆயிரம் நாக்குகளோடு...' (வேண்டாம். எங்கள் ஊரில் இப்படிப் பேசுகிறவனை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.)

2

நடந்தது ரேலீனின் சமையலறையில். வெளியே நாற்பத்து நாலு டிகிரி.

"கொஞ்சம் சூடாத்தான் இருக்கு, இல்ல?" என்றார்.

"ஏன் சாரல்னு போட்டீங்க?"

"கொதிச்சாலும் கொஞ்சம் சூடுதானே? வெதுவெதுப்புக்கு ஒரு படி மேல. இங்கயும் ஒரு படி ஏத்தினேன்."

அவர் கணவர் டாரல் சிரித்தார். "கொட்டகைக் கூரை பறந்தப்போ, 'காத்து லேசா வீசுது'ன்னவ இவ."

"நீ மட்டும்? கால் ஒடிஞ்சு கெடந்தப்போ 'லேசா சுளுக்கிருச்சு'ன்ன.* வாய மூடிட்டு டீயக் குடி."

(* இரண்டு இடத்தில் முறிவு.)

ரேலீனுக்குச் சொற்கள் தெரியாது என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சொல் தெரியும். ஆனால் கூட்டிச் சொல்கிறவரை எங்கள் ஊர் நம்பாது; அதனால் எங்கள் சொற்களெல்லாம் அளவுகோலின் கீழ்முனையிலேயே முட்டிமோதி நிற்கின்றன.

3

ஜன்னல் வழியே சாலையோரத் தீ அபாயப் பலகை தெரிந்தது. அரைவட்டம், பச்சையிலிருந்து சிவப்புவரை நான்கு நிறம், அன்றைய காட்டுத்தீ அபாயம் எவ்வளவு என்று காட்ட ஒரு முள்.

"வெதுவெதுப்பு அதுல எங்க?" என்று கேட்டேன்.

"பச்சையில."

"கொதிப்பு?"

கொஞ்சம் தயங்கினார். "சரி... கடைசிச் சிவப்பு."

"முள்ளு எத்தனை கட்டம் போச்சு?"

"மூணு."

"இப்பத் தூறலைப் பச்சையில வைங்க."

மேசைமேல் விரலால் மூன்று கட்டம் நகர்த்தினார். விரல் நின்றது. "அடைமழை! அடப்பாவி, தினம் இந்தப் பலகையத் தாண்டித்தானே ரொட்டி வாங்கப் போறேன்!"

4

முடிவு ஒன்று: கடிதம் வருகிறது, ரேலீன் துள்ளிக் குதிக்... (குதிக்க மாட்டார்.)

முடிவு இரண்டு: மறுபடியும் கொட்டகைக்கே... (எழுதக் கை வரவில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த வாரம் வேலியோரம் கேட்டேன், "முடிவு வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார் ரேலீன். "மோசமில்ல."

மீதி உங்கள் கையில்.

கொஞ்சம் சூடு : நாற்பத்து நாலு டிகிரி :: மோசமில்ல : ?

வழி எளிது. முதல் ஜோடியில் முள் எந்தப் பக்கம், எத்தனை கட்டம் நகர்ந்தது என்று பாருங்கள். இரண்டாவது ஜோடியிலும் அதே பக்கம், அதே அளவு நகர்த்துங்கள்.