போலீஸ் பார்க்கும் வரைக்கும்

வளைகாப்புப் பந்தி முடிந்து, வெற்றிலை போட்ட வாயோடு எல்லோரும் வாசலுக்கு வந்து வழியனுப்பினார்கள். பிரேமலதா புதியம்புத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக முன்சீட்டில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்தாள். ஏழு மாத வயிறு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் தொடையோடு ஒட்டி வரணும், மேல்பட்டை மார்புக்கு நடுவே வரணும் என்று டாக்டரம்மா போன மாதம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே மாட்டினாள்.

"ஏட்டி, அதக் கழத்து!" பின்சீட்டிலிருந்து அவள் அம்மா வேலுத்தாய் அலறினாள். "வளைகாப்பு முடிஞ்ச வயித்துல கட்டுப் போடப்பிடாது. பிள்ளைக்குக் கொடி சுத்திக்கிடும்."

ஸ்டியரிங் முன்னால் இருந்த கணவன் லிங்கராஜ் தலையாட்டினான். "அத்தை சொல்லுதது சரிதான். புதியம்புத்தூரு என்ன மெட்ராஸ்லயா இருக்கு? மெதுவாத்தான் போவேன். ஏர்பேக் வேற இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து எலியும் பூனையுமாக இருந்த மாமியாரும் மருமகனும் இந்த ஒரு விஷயத்தில்தான் ஒன்றுசேர்ந்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக வாசலில் சண்டை வேண்டாமென்று பிரேமலதா கழற்றினாள். வழியனுப்ப வந்த பெண்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எட்டயபுரத்துக்கு முன்னால் காக்கிச்சட்டை தெரிந்தது.

"போடு, போடு! சீக்கிரம்!" லிங்கராஜ் பதறினான். தன்னுடையதை அவன் மாட்டக்கூட இல்லை, துண்டு மாதிரி தோளுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"போடுட்டி, அபராதம் எழுதிருவான்," என்று வேலுத்தாயும் மகளின் தோளைத் தட்டினாள்.

பிரேமலதா மாட்டினாள். இப்போது கொடி சுத்தாதாக்கும்! போலீஸ்காரர் பார்க்கும் வரைக்கும் வயிற்றுப் பிள்ளை பொறுத்துக்கொள்ளுமாக்கும்! சீ, இதுவும் ஒரு அக்கறையா என்றிருந்தது அவளுக்கு. ஒருத்தி பெற்றவள், ஒருத்தன் கட்டியவன். இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

போலீஸ்காரர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். கொஞ்ச தூரம் தாண்டியதும் லிங்கராஜ் பெல்ட்டை விட்டான்.

"நீயும் கழத்து."

"மாட்டேன்."

"பிள்ளைக்கு ஆகாதுங்கேன்லா!"

"போலீஸ் நின்னப்ப மட்டும் ஆச்சோ?"

லிங்கராஜுக்குக் கோபம் காலில் இறங்கியது. மெதுவாகப் போவேன் என்றவன் காரைப் பறக்கவிட்டான். வேலுத்தாய் பொறுமையில்லாமல் இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து, தானே கழற்றிவிடக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து மக்காச்சோளக் காட்டுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. லிங்கராஜ் பிரேக்கை மிதித்தான்.

பெல்ட் பிரேமலதாவைச் சீட்டோடு இறுக்கிப் பிடித்தது. வேலுத்தாய் முன்னால் பாய்ந்து டேஷ்போர்டில் வாயை இடித்துக்கொண்டாள். லிங்கராஜுக்கு ஸ்டியரிங் நெஞ்சில் குத்தியது. ஆடுகள் பாட்டுக்குக் கடந்து போயின.

வேலுத்தாய்க்கு வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்றைக் காணோம். பிரேமலதா முந்தானையைச் சுருட்டி அம்மாவின் வாயில் அழுத்தினாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது. அதன் பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது.

"எல்லாம் இந்தப் பெல்ட்டால வந்த வினை," என்று வேலுத்தாய் முந்தானைக்குள்ளிருந்து குழறினாள். "அதக் கழத்தக் குனியப் போயில்லா பல்லு போச்சு."

"அதான் நான் அப்பவே சொன்னேன், அத்தை," என்றான் லிங்கராஜ், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

பிரேமலதாவுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்பலாம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள். "பிள்ளை பொறந்ததும் பாக்க வாங்க. ஆனா அத உங்க கார்ல ஏத்த மாட்டேன்."