உள்ளங்கையில் தட்டினால்

கத்துனாத்தான் கெடைக்கும்னு எம் புள்ளைக்குப் படிச்சுக் குடுத்ததே நீதானேடி. இப்ப கத்துறாள்னு என்னையே கூப்புட்டு அனுப்புறியா?

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் டீச்சர் ஜெயந்தினியை மனதுக்குள் மட்டும்தான் நாகலெட்சுமியால் இப்படிப் பேச முடிந்தது. கொழுந்துக் கூடையைத் தேயிலை நிரையிலேயே இறக்கி வைத்துவிட்டு மலைச்சரிவில் இறங்கினாள். சேதி கொண்டுவந்த மூக்கன் கங்காணி பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"சுருக்கா போ நாகு! இனிமே தோட்டத்துல வேலைக்கு ஊதுற சங்கே தேவையில்ல, ஒம் மக ஒருத்தி போதும்!"

கொழுந்தெடுத்த பெண்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரேமினிக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை. ஓட்டிசம் என்று நுவரெலியா கிளினிக்கில் சொன்னார்கள். அங்கிருந்த மிஸ் ஒரு வழியும் காட்டினார். கத்தும்போது கேட்டதைக் கொடுக்காதீர்கள், ஆனால் பக்கத்திலேயே இருங்கள். கத்தாமல் கேட்க ஒரு வழி பழக்குங்கள், அப்படிக் கேட்டால் அந்த நிமிடமே கொடுங்கள். மழைக்காலம் முழுக்க லயத்து வீட்டில் அதுதான் நடந்தது. வெளியே போக வேண்டுமென்றால் அம்மாவின் உள்ளங்கையைத் தட்ட வேண்டும். தட்டியதும், அடுப்பில் ரொட்டி கருகினாலும், நாகலெட்சுமி கதவைத் திறந்துவிடுவாள். வீட்டில் கத்தல் மெல்ல ஓய்ந்தது.

பிள்ளைக்காம்பராவில் ஓயவில்லை. அங்கே மேசையின் இழுப்பு லாச்சியில் டொபி மிட்டாய் இருந்தது. பிள்ளை கத்தினால் வாயில் ஒன்று. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை.

"டொபி வேணாங்க டீச்சர், கையத் தட்டுனா கதவ மட்டும் தொறந்துவுடுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

"நீங்க கொழுந்தெடுக்கப் போறீங்களா, டொக்டருக்குப் படிக்கப் போறீங்களா?" என்பாள் ஜெயந்தினி.

அதற்குத் தானும் சேர்ந்து சிரித்ததை நினைத்தபோதுதான் நெஞ்சு அதிகமாக எரிந்தது. ஏன் சிரித்தேன்?

பிள்ளைக்காம்பராவின் உள்ளே காகிதத் தோரணம் கட்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் பவுடர் முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிரேமினி மூடிய பின்கதவில் தலையை மோதி மோதிக் கத்திக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி ஓடிப்போய் மகளின் நெற்றிக்கும் பலகைக்கும் நடுவில் கையை வைத்தாள்.

"வெளிநாட்டுக்காரங்களோட பெரிய தொர வாறாரு" என்று ஜெயந்தினி பதறினாள். "இவளோட காலையிலருந்து ஒரே தொல்ல. வந்து வந்து எங் கையத் தட்டுறா. நானும் ஒதறி ஒதறிப் பாத்தேன். அப்புறம் ஆரம்பிச்சிட்டா."

நாகலெட்சுமி மகளைப் பார்த்தாள்.

கேட்டிருக்கிறாள். கத்தாமல், பழக்கியபடியே, திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அந்தச் சின்னக் கையை உதறிவிட்டிருக்கிறார்கள். இத்தனை மாதம் தான் கட்டியதை ஒரு காலையில் இடித்துவிட்டு அதைத் தொல்லை என்கிறார்கள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம்.

"ஐயோ, வந்துட்டாங்க!" ஜெயந்தினி டொபித் தாளைக் கிழித்து நீட்டினாள். "இந்தாங்க, வாயில போடுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். தொர முன்னால கத்துனா நாளைக்கு இவள இங்க சேக்க மாட்டேன், பாத்துக்குங்க."

நாகலெட்சுமி டொபியை வாங்கவில்லை. மற்றக் கையை விரித்து மகளின் முன்னால் நீட்டி வைத்தாள்.

"இதுல தட்டட்டுங்க டீச்சர், கதவத் தொறக்குறேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "டொபி குடுக்க மாட்டேன்."